மூவடி மண்

கடைக்காரர் தவறிச் சில்லறை மிகுதியாகக் கொடுத்துவிட்டால் வெயிலையும் பொருட்படுத்தாமல் திரும்பிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற, வீட்டு வரியைக் கெடுவுக்கு முன்பே கட்டி ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பத்திரப்படுத்துகிற, பேரனுக்கு அரை டிக்கெட் வயது கடந்த மறுநாளே கண்டக்டர் கேட்காமலே முழு டிக்கெட் வாங்குகிற ஓர் உத்தமரான மனிதர், தம் வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே வெறுமனே கிடக்கும் மூன்றடி மண்ணைக் கண்ட மாத்திரத்தில் மட்டும் தர்மாதர்ம விசாரணையை ஒத்திவைத்துவிடுகிறாரே, அது என்ன விந்தை என்று நான் வெகுகாலமாக யோசித்து வருகிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே முளைத்த நகர்களிலும், கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களின் விரிவாக்கப் பகுதிகளிலும், தெருவுக்கு ஒருவராவது இந்தப் பிரகிருதி இருப்பார். சில தெருக்களில் இரு சாரியிலும் இருப்பார்கள். பெயரும் ஜாதகமும் வேறுபட்டாலும் லட்சணம் ஒன்றாகையால், அவரை மூவடியார் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். மகாபலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனமூர்த்தியாவது, கேட்டார், தாரை வார்த்துக் கொடுக்கப்பட்ட பிறகே பெற்றார், அதற்கப்புறம்தான் வளர்ந்தார். நம் மூவடியாருக்கோ கேட்கும் வழக்கம் இல்லை. வளரும் வழக்கம் மட்டும் உண்டு.

அவர் வீடு கட்டத் தொடங்கிய காலத்தில் சட்டத்தை அவமதித்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரை கிரவுண்டு மனை, அதாவது ஆயிரத்து இருநூறு சதுர அடி. பத்திரம் சுத்தம், வில்லங்கம் இல்லை, பட்டா அவர் பெயரில். வரைபடக்காரர் வரைந்து கொடுத்த நீலக் கோடுகளில் முன்புறம் ஒன்றரை மீட்டரும் பக்கவாட்டில் ஒரு மீட்டரும் அழகாக விடப்பட்டிருந்தன. அந்த வரைபடத்துக்குக் கட்டணம் கட்டி, அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, முத்திரை குத்தி வாங்கினார். மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்துச் சிறு வீடுகளுக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ விடவேண்டும் என்பதும், மனை மிகவும் குறுகலாயின் ஒருபுறம் விட்டாலே போதும் என்பதும், முன்புறம் விடவேண்டிய அளவு எதிரே உள்ள தெருவின் அகலத்தைப் பொறுத்தது என்பதும் அவருக்கு மனப்பாடம். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளையும் பற்றி அவர் பேசக் கேட்டால், ஏதோ அந்த விதிகளை வகுத்த குழுவில் இவரும் அமர்ந்திருந்தார் போலும் என்ற பிரமை உண்டாகும். விதியின்படி காலியாக விடப்பட்டது அந்த இடம் என்பதை அவர் மறுப்பதே இல்லை. காலியாக விட்டாயிற்றே, இனி அதில் ஏதாவது கட்டலாமே என்பதுதான் அவருடைய வாதம்.

முதலில் வருவது சன்ஷேடு. அளவோடு நீட்டிய சன்ஷேடு, திறந்த படிகள், மதில் ஆகியவற்றுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அளவு என்ற சொல்லிடம் மூவடியாருக்குப் பயபக்தி குறைவு. சாரத்தின் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தபடி அவர் நடத்தும் சம்பாஷணையை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"மேஸ்திரி, அந்த சன்ஷேடை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டா என்ன?"

"இழுக்கலாம் சார். மதில்ல போய் இடிக்கும்."

"இடிக்காம இழுங்க."

மேஸ்திரி தம் தொழிலில் இப்படிப்பட்ட பெரியவர்கள் பலரைக் கண்டவர். மதிலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தினார். அந்த இரண்டு விரற்கடையைத்தான் மூவடியார் இன்றைக்கும் தம்முடைய தியாகமாகச் சொல்லி வருகிறார்.

சன்ஷேடு போட்டபின் அதன் கீழ் நிழல் விழுந்தது. நிழல் விழுந்த இடத்தில் ஒரு துவைக்கும் கல் போட்டால் என்ன தோஷம்? துவைக்கும் கல் வந்தபின் குழாய் வராமல் இருக்குமா? குழாய்க்கு மோட்டார், மோட்டாருக்கு ஒரு சிறு கூடு, கூட்டின்மேல் மழை அடிக்காமல் இருக்க ஒரு தகடு, அந்தத் தகட்டை நீளமாகவே போட்டுவிட்டால் சைக்கிளும் நனையாது என்ற யுக்தி, இப்படி ஒவ்வொன்றும் முந்தியதன் நியாயமான விளைவாகவே தோன்றித் தோன்றி, மூன்று மழைக்காலங்களுக்குள் அந்தப் பக்கச் சந்து முழுவதும் மேலே தகடும் கீழே சிமென்டுமாக ஓர் அறையாகிவிட்டது. கதவு மட்டும் இல்லை. தீபாவளிக்கு முன் நாய் நுழைகிறது என்று கதவும் போட்டார். 2003-இல் அரசாங்கம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்புக் குழி ஒன்று வரைபடத்தில் அந்தச் சந்தில்தான் இருந்தது. அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சிமென்டுக்கு அடியில். மழைநீர் என்ன செய்யும் பாவம்! வாட்டம் பார்த்துப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது.

இவை யாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில் உண்டு: 'டெம்பரவரி'. உலகில் சாசுவதமானது எதுவும் இல்லை என்று வேதாந்திகள் சொன்னதை மூவடியாரைப்போல் காரியத்தில் கொண்டுவந்தவர் வேறு எவரையும் நான் அறியேன். தகடு தற்காலிகம், சுவர் தற்காலிகம், வெளிப்புற மாடிப்படி தற்காலிகம், படியின் கீழ் கட்டிய கழிவறையும் தற்காலிகம். 

ஆனால் அவருடைய கீர்த்திக்கு மூலகாரணம் முன்புறத்துச் சிட்-அவுட். பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து, தெருவைப் பார்த்தபடி மாலை நேரத்தில் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று, விதிப்படி திறந்தவெளியாகக் கிடந்த ஒன்றரை மீட்டரில் கருங்கல் பாவி, இரண்டு தூண் நிறுத்தி, எஃகுக் கம்பியில் கைப்பிடி வைத்து, பிரம்பு நாற்காலி இரண்டு போட்டார். சிட்-அவுட் மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றதால், ஏறுவதற்கான படிகள் வெளியே போகவேண்டியதாயிற்று. படிகள் சாக்கடை மூடியின்மேல் உட்கார்ந்தன. கார் ஏறுவதற்கான சாய்தளம் படிகளுக்கும் அப்பால் தெருவுக்குள் இறங்கிற்று. கேட்டை உள்பக்கம் திறக்க இடம் போதாமையால் தெருப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். இப்போது மூவடியார் வீட்டுக் கேட்டைத் திறக்கும் வேளையில் பால்காரர் தம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க, மூவடியார் நாற்காலியில் அமர்ந்தபடியே, "தெருவை ரொம்பக் குறுகலாப் போட்டுட்டாங்கப்பா" என்று அனுதாபத்தோடு சொல்லுவார்.

இதுவரை சொன்னது அவர் குணத்தில் பாதிதான். மறுபாதியைக் காண, பக்கத்து மனையில் யாராவது கடைக்கால் தோண்டத் தொடங்கவேண்டும். அன்று விடியற்காலையில் மூவடியார் அளவு டேப்பும் கையுமாக எழுந்தருளுவார். அதுவரையில் உறங்கிக்கிடந்த அவருடைய நியாய புத்தி அந்தக் கடப்பாறைச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். அளப்பதிலும் அவர் கையாளும் சாஸ்திரம் நுட்பமானது. தம் வீட்டு இடைவெளியை அளக்கும்போது டேப்பின் ஒரு நுனியை மதிலின் வெளிமுகத்திலும் மறு நுனியைச் சுவரின் பூச்சுக்கு உள்ளேயும் பிடிப்பார். அடுத்த வீட்டை அளக்கும்போது மதிலின் உள்முகத்திலிருந்து சன்ஷேடின் நுனிவரைதான் அளவு. தம்முடையதற்கு 'ஏறக்குறைய மூணேகால் அடி' என்பார். அடுத்தவருடையதை மில்லிமீட்டரில் சொல்லுவார். ஒரு மீட்டர் என்பது மூன்றடி மூன்று அங்குலத்துக்கும் சற்று மிகுதி என்ற கணக்கில் அந்தச் 'சற்று' இருக்கிறதே, அது தம் பக்கம் மதிலுக்குள் மறைந்துபோவதையும் எதிர்ப்பக்கம் வழக்காக வளர்வதையும் அவர் ஒரே மன அமைதியோடு பார்க்க வல்லவர்.

"தம்பி, உங்க சன்ஷேடு ரெண்டு அங்குலம் வெளிய வந்திருக்கே."

"அங்கிள், நீங்க உங்க பக்கம் ஷீட்டே போட்டிருக்கீங்களே?"

"அது டெம்பரவரிப்பா."

"எப்பப் போட்டது?"

"என் பையன் காலேஜ் சேர்ந்த வருஷம்."

"அவரு பையனே இப்ப ஸ்கூல் போறானே, அங்கிள்!"

இத்தகைய குறுக்கு விசாரணைகளுக்கு மூவடியார் நின்று பதில் சொல்லும் வழக்கம் இல்லை. உள்ளே போய் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கும் மனுவை எழுத உட்காருவார். வெளிச்சம், காற்று, தீவிபத்துக் காலத்தில் ஏணி கொண்டுபோகும் வசதி, மழைநீர் நிலத்தில் இறங்குதல் என்று, இடைவெளி விடுவதற்குச் சட்டம் கருதிய காரணங்கள் எல்லாவற்றையும் அந்த மனுவில் அவர் எடுத்துரைக்கும் திறத்தைப் படித்தால் கல்லும் கரையும். நகரமைப்பு வகுப்பில் பாடமாக வைக்கத் தகுந்த வாசகம் அது. அதை அவர் எழுதுவது எங்கே உட்கார்ந்து என்று கேட்கிறீர்களா? சிட்-அவுட்டில்.

பழைய நூல்களின் துணையும் அவருக்கு உண்டு. 1909-இல் மைசூரில் சாமசாஸ்திரியார் பதிப்பித்து உலகுக்குக் கொடுத்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், மனைகளைப் பற்றிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இத்தனை பாதம் இடம் விடவேண்டும் என்று அதில் ஒரு விதி. அடுத்தடுத்த கூரைகள் நான்கு அங்குலம் விலகியிருக்கலாம், அல்லது ஒன்றன்மேல் ஒன்று கவிந்தும் இருக்கலாம் என்று இன்னொரு விதி. மனுவில் மூவடியார் மேற்கோள் காட்டுவது முன்னதை. தம் தகட்டைக் குறித்துப் பேச்சு வந்தால் பின்னதை. சாணக்கியரே வந்து இந்தத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தாலும், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு பாடலிபுத்திரத்துக்கே போய்விடுவார் என்பது என் அபிப்பிராயம்.

மூவடியாரை முற்றும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பாட்டனார் வாழ்ந்த தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர், பக்கத்தில் சந்து என்பதே கிடையாது. காற்றும் வெளிச்சமும் மழையும் வீட்டின் நடுவே இருந்த முற்றத்தின் வழியாக இறங்கின. தெருப்பக்கம் திண்ணை, அதில் வழிப்போக்கனும் படுக்கலாம். ஆக, வெற்றிடம் என்பது அந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே, குடும்பத்தின் கண்முன்னே, கோலமும் தானியமும் குழந்தைகளுமாக நிறைந்து கிடந்தது. 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்து, அந்தப் பத்தாண்டுகளிலேயே மாம்பலத்து ஏரி நிலத்தில் தியாகராய நகர் எழுந்து, சுற்றிலும் தோட்டம் விட்டு நடுவில் வீடு கட்டுகிற பங்களா மோகம் நடுத்தர வகுப்பாரையும் பிடித்தபோது, முற்றம் வீட்டுக்குள்ளிருந்து வெளியேறிச் சுவரைச் சுற்றிக்கொண்டது. பெரிய மனையில் அது தோட்டமாக இருந்தது. அரை கிரவுண்டில் அது மூன்றடிச் சந்தாகச் சுருங்கி, யாருடைய பார்வையிலும் படாமல், துடைப்பமும் உடைந்த வாளியும் கிடக்கும் இடமாயிற்று. கண்ணில் படாத இடத்தின்மேல் பிரியம் எப்படி உண்டாகும்? முற்றத்தை மூடியவனுக்குத் தன் வீடு இருண்டது உடனே தெரிந்தது. சந்தை மூடியபோதோ, முதலில் இருண்டது அடுத்தவன் வீடுதான். அது மூடியவனுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

அவருடைய வீடும் இருண்டுதான் போயிற்று. அதற்கு ஒரு சட்டக் காரணம் இருந்ததுதான் விசேஷம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு ஜன்னலின் வழியாக இருபது ஆண்டுகள் தடையின்றி வெளிச்சமும் காற்றும் வாங்கி வந்தவனுக்கு அவை உரிமையாகிவிடும் என்று ஒரு வக்கீல் நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிரவு மூவடியாருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பின்புறத்து வீட்டுக்காரரின் ஜன்னல் தம் மனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அது எந்த வருஷம் வைத்தது என்று விரல்விட்டு எண்ணினார். பத்தொன்பதாவது ஆண்டு! மறுநாளே உயரமான தகரம் ஒன்று எழுந்தது. எதிரி வீட்டுக்கு வெளிச்சம் நின்றதோ இல்லையோ, இவர் வீட்டுச் சமையலறையில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது. வீட்டு அம்மையார் இருட்டில் உப்பென்று சர்க்கரையைச் சாம்பாரில் போட்டது அந்த வாரத்தில்தான். நீண்டகால அனுபவத்தால் அடுத்தவர் நிலத்துக்கே பாத்தியதை உண்டாகும் பன்னிரண்டு ஆண்டுக் கெடு ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரியும். இருபதைக் கேட்டால் அவர் முகம் வாடும். பன்னிரண்டைக் கேட்டால் மலரும்.

அரசாங்கம் இவரை எப்படி விட்டுவைத்தது என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். சிறு வீடுகளுக்குக் கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. ஆகையால் அனுமதி பெற்ற காகிதமும் எழுந்த கட்டடமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திக்கும் சந்தர்ப்பம் வருவதே அபூர்வம். அனுமதியை மீறிய கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் அடுக்குமாடிகளைப் பார்த்து முடித்துவிட்டுத் துவைக்கும் கல்லுக்கு வருவதற்குள் தலைமுறை மாறிவிடும். போதாக்குறைக்கு வரன்முறைப்படுத்தல் என்ற அனுக்கிரகமும் உண்டு. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மீறல்களை ஒழுங்காக்க வழி செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2000-இல், இது ஒரே ஒரு முறைக்கு உரிய ஏற்பாடு என்ற அளவில் அதை ஒப்புக்கொண்டது. 2012-இல் 113-சி என்று இன்னொரு பிரிவு வந்தது. 1-7-2007-க்கு முன் கட்டியவை மட்டும் அதற்குள் வரும். மூவடியாரின் சிட்-அவுட் எழுந்தது அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து. ஆயினும், "மனசுல 2005-லயே கட்டிட்டேன் சார், கையில பணம் வரத்தான் லேட்டாச்சு" என்று அவர் வாதிக்கிறார். அடுத்த வரன்முறைத் திட்டம் எப்போது வரும் என்று நாள்தோறும் காலைப் பத்திரிகையில் அவர் தேடும் சிரத்தையைப் பார்த்தால், இந்த ஆவலில் பாதியாவது டேப்பின்மேல் வைத்திருக்கலாகாதா என்று தோன்றும்.

மூன்றடி மண்ணும் சும்மா இருந்துவிடவில்லை. சென்ற மார்கழியில் அவர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியது. லாரியும் வந்தது. குழாயைக் கொண்டுபோகவேண்டிய பக்கச் சந்தில் மோட்டார்க் கூடு, சைக்கிள், தகடு, கதவு எல்லாம் வழிமறித்து நின்றமையால், அந்தப் பருத்த குழாய், சிட்-அவுட் ஏறி, முன்கூடம் நுழைந்து, பூஜை அறையை ஒட்டித் திரும்பி, சமையலறை வழியாகப் புழக்கடைக்குப் போயிற்று. அம்மையார் அன்று பிறந்தகம் போனவர் பொங்கலுக்குத்தான் திரும்பினார். வெளிச்சுவருக்கு வர்ணம் பூச வந்தவர்களோ, சாரம் கட்ட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அவர் வீடு தெருப்பக்கம் மட்டும் இளமஞ்சள், மற்ற மூன்று பக்கமும் பாசி. இரண்டு வீட்டுச் சன்ஷேடுகளிலிருந்தும் சொட்டும் நீர் ஒன்றுகூடி அவருடைய படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது. அது அடுத்த வீட்டுக்காரரின் இரண்டு அங்குலத்தால் வந்த வினை என்று புதிய மனு ஒன்று தயாராகிறது.

2024 ஜூலையில், இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடிவரை உள்ள மனையில் மூவாயிரத்து ஐந்நூறு சதுர அடிவரை வீடு கட்டுகிறவர்கள் தாங்களே சான்றளித்து இணையத்தில் உடனடியாக அனுமதி பெறலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல திட்டந்தான், நடையாய் நடக்கும் அலைச்சல் பலருக்கு மிச்சம். மூவடியார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கடைசியில நம்மள மாதிரி யோக்கியர்களை கவர்ன்மென்ட் நம்ப ஆரம்பிச்சிருக்கு" என்றார். அவர் மகன் பக்கத்து ஊரில் மனை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீடு வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். தரகர் உங்களை நேராகக் கூடத்துக்கு அழைத்துப்போய்த் தேக்குக் கதவையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் காட்டுவார். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கச் சந்தின் வழியாக வீட்டை ஒருமுறை முழுச் சுற்றும் சுற்றி வாருங்கள். தோள் இடிக்காமல் சுற்றி வர முடிந்தால் விலையைப் பேசுங்கள். முடியாவிட்டால், அது மூவடியார் வீடு. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து எழுதுவதற்கு முன் நீங்களே சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்.